எது சிக்கல், எது கவனக்குறைவு: கேஸ் ஷீட்டில் எங்கே பார்ப்பது?

கேள்வி: பித்தப்பைக் கல்லுக்காக லேப்ராஸ்கோப்பி (சிறு துளைவழி) ஆபரேஷன் செய்துகொண்ட 58 வயதுக்காரர் மூன்றாம் நாள் வார்டிலேயே இறந்துவிட்டார். "ஆபரேஷனில் வரக்கூடிய சிக்கல்தான், யார் மேலும் தப்பில்லை" என்கிறது மருத்துவமனை. எது இயல்பான சிக்கல், எது கவனக்குறைவு என்று வீட்டார் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? பொதுவாக என்னென்ன தவறுகள் நடக்கின்றன?

பதில்:

மருத்துவமனை சொல்வதில் பாதி சரி. லேப்ராஸ்கோப்பியில் பித்தநாளம் காயப்படுவது ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு நேரக்கூடியது. அனுபவம் மிகுந்த கைக்கும் அது நேரும். ஆகவே காயம் பட்டது என்பதை மட்டும் வைத்துக் கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் நாளம் காயப்பட்டு வயிற்றுக்குள் பித்தம் கசிகிறவர் முன்னறிவிப்பில்லாமல் இறப்பது அரிது. இந்த ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தவர் மறுநாளே எழுந்து நடப்பார், இட்லி சாப்பிடுவார். கசிவு உள்ளவருக்கு வலி குறைவதற்குப் பதில் கூடும், வயிறு உப்பும், நாடித்துடிப்பு 90, 104, 118 என்று ஏறிக்கொண்டே போகும், மூச்சு வேகமெடுக்கும், சிறுநீர் குறையும். ரத்த அழுத்தம் பெரும்பாலும் கடைசியில்தான் விழும். இந்த ஏற்றத்தை எத்தனை மணிக்கு யார் பார்த்தார், பார்த்து என்ன செய்தார் என்பதுதான் உங்கள் வழக்கின் உயிர். ஸ்கேன் எடுத்தார்களா, சர்ஜனை அழைத்தார்களா, அல்லது வலி ஊசி போட்டுவிட்டு "வாயுதான், காலையில் சரியாகிவிடும்" என்றார்களா?

சட்டம் கேட்பதும் ஏறக்குறைய இதைத்தான். நோயாளியைக் கவனிக்கும் பொறுப்பு இருந்ததா, அந்தப் பொறுப்பில் தவறினார்களா, பாதிப்பு நேர்ந்ததா, தவறினதால்தான் நேர்ந்ததா என்று நான்கு படிகள். தவறினார்களா என்பதற்கு அளவுகோல், அதே துறையில் சாதாரணத் திறமையுள்ள ஒரு டாக்டர் அந்த நிலையில் என்ன செய்திருப்பார் என்பது. மேதை ஒருவர் என்ன செய்திருப்பார் என்று கேட்பதில்லை. 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாக எழுதியிருக்கிறது. பெரும்பாலான புகார்கள் தோற்பது நான்காவது படியில். தவறு இருக்கும், அதனால்தான் இறந்தார் என்று காட்ட முடியாது.

கேட்டது வார்டு மரணம் என்பதால் வார்டிலிருந்தே தொடங்குகிறேன். ஆபரேஷன் தியேட்டரில் நான்கைந்து பேர் ஒரே உடம்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதே நோயாளி இரவு இரண்டு மணிக்கு வார்டில் கிடக்கும்போது முப்பது பேருக்கு ஒரு நர்ஸ் இருப்பார். நோயாளி கைவிடப்படுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

நர்ஸ் எழுதும் சார்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது மூச்சு எண்ணிக்கைப் பத்தி. மூச்சை எண்ண ஒரு நிமிடம் நின்று நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும். அதற்கு நேரமில்லாததால் எல்லாருக்கும் 20 என்று போட்டுவிடுவது பல இடங்களில் உள்ள பழக்கம். நல்ல உடம்பில் நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்கும். 25ஐத் தொட்டால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டிய நிலை. மூன்று நாளும் ஒரே 20, ஒரே பேனா, ஒரே கையெழுத்து என்றால் அந்தச் சார்ட் உட்கார்ந்த இடத்தில் நிரப்பப்பட்டதாக இருக்கலாம். அடுத்து, உள்ளே போன நீர், வெளியே வந்த நீர் எழுதும் சார்ட். சிறுநீர் மணிக்கு, உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லிக்குக் கீழே போனால் எச்சரிக்கை. 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லி. ஆறு மணி நேரத்தில் 80 மில்லி என்று எழுதிவிட்டு யாருக்கும் சொல்லாமல் இருந்தால், எழுதியவரே சாட்சி.

வார்டுப் புறக்கணிப்பின் மற்ற வடிவங்கள் பார்க்கச் சின்னவை. பக்கவாதம் வந்தவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் வால் எலும்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வரும். தொடக்கத்தில் விரலால் அழுத்தினாலும் வெளிறாத சிவப்பு மட்டும் தெரியும். டயப்பரை விலக்கிப் பார்த்தால் பிடித்துவிடலாம். எலும்பு தெரியும் புண்ணோடு வீட்டுக்கு அனுப்பி "சேரும்போதே இருந்தது" என்று சொன்னால், சேர்ந்த அன்று எழுதிய தோல் பரிசோதனைக் குறிப்பைக் கேளுங்கள். மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போட்டவருக்குத் தலைப்பக்கத்தை 30 டிகிரியாவது உயர்த்தாமல் கஞ்சி ஏற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். டியூப் வயிற்றில்தான் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் சரிபார்க்காமல் ஏற்றுவதும் அப்படித்தான். ட்ரிப்ஸ் ஊசி குத்திய இடம் சிவந்து கயிறுபோல் தடித்தும் மாற்றாமல் விட்டால் அங்கிருந்து சீழ் ரத்தத்தில் கலக்கும். கட்டில் கம்பியை உயர்த்தாமல் விட்டு, மயக்க மருந்து தெளியாதவர் இரவில் கழிவறைக்கு எழுந்து விழுவதும் இந்தக் கணக்கில் வரும்.

(கட்டிப்போட்டுவிட்டுக் கவனிக்காமல் விடுவதன் உச்சம் எது என்றால் ஏர்வாடிதான். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கருகி இறந்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை முற்றாகத் தடை செய்கிறது.)

நோயைத் தவறாகக் கணிப்பது, அல்லது தாமதமாகக் கணிப்பது, அடுத்த பெரிய வகை. தவறாகக் கணித்தாலே கவனக்குறைவாகாது. விலக்க வேண்டிய ஆபத்தான நோயை விலக்காமல் சாதாரண நோய் என்று முடிவு கட்டுவதுதான் கவனக்குறைவு. நெஞ்சுவலியோடு வந்தவரை "வாயு" என்று பாண்டோப்ரசோல் ஊசி போட்டு அனுப்புவது இதற்கு உதாரணம். வந்த பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும். முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் மாரடைப்பு இல்லை என்று ஆகாது. வலி நீடித்தால் மறுபடி எடுக்க வேண்டும், ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையைச் சில மணி நேரம் விட்டு இரண்டாம் முறையும் செய்ய வேண்டும். சர்க்கரை நோயாளிக்கும் வயதான பெண்களுக்கும் வலியே இல்லாமல் வியர்வை, மூச்சுத் திணறலோடு மாரடைப்பு வருவதால் அவர்களிடம்தான் அதிகம் தவறவிடுகிறார்கள். பக்கவாதத்தில் கை கால் இழுத்துக்கொண்டால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. "தூங்கி எழுந்தால் சரியாகும்" என்று காக்க வைத்தால் அந்த வாசல் மூடிவிடும். பையன்களுக்குத் திடீர் விதைப்பை வலி வந்தால், முறுக்கிக்கொண்டதா என்று ஆறு மணி நேரத்துக்குள் பார்க்காவிட்டால் விதையை எடுக்க நேரலாம். பிள்ளை பெறும் வயதுப் பெண் வயிற்றுவலி, மயக்கத்தோடு வந்தால், கல்யாணம் ஆனதா என்று கேட்டுக்கொண்டிருக்காமல் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்ய வேண்டும். குழாயில் தங்கிய கரு வெடித்தால் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டிவிடும்.

நம் ஊர்க் காய்ச்சல்களில் இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். டெங்குவில் ஆபத்து தொடங்குவது காய்ச்சல் இறங்கும் நேரத்தில், ஏறக்குறைய நான்காம் நாளிலிருந்து. அந்த நேரம் பார்த்து "ஜுரம் விட்டுவிட்டது" என்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள். எல்லாரும் தட்டணுக்களையே எண்ணிக்கொண்டிருக்க, ரத்தம் கெட்டிப்படுவதைக் காட்டும் ஹெமட்டோக்ரிட் ஏறுவதை யாரும் பார்ப்பதில்லை. இன்னொன்று டைபாய்டு. விடால் என்ற ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பி எந்தக் காய்ச்சலையும் டைபாய்டு என்று வைத்தியம் பார்ப்பார்கள். மலேரியா நோயாளிக்கு டைபாய்டு வைத்தியம் செய்து அவர் இறந்த வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் 2 லட்சம் ரூபாய் இழப்பீட்டை உறுதி செய்தது. தவறு வெளிப்படையாகத் தெரியும் வழக்கில் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. புகார் கொடுப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

மருந்தில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை கணக்குத் தவறுகள். இன்சுலினையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் இருக்கிறது, 100 யூனிட் உள்ளதும் இருக்கிறது. சிவப்பு மூடிச் சிரிஞ்சு 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. 100 குப்பியிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் "20" கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். நோயாளி தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கி மூளை பாதிக்கப்படலாம். மாற்றி இழுத்தால் 8 யூனிட்தான் போகும், சர்க்கரை 400ஐத் தாண்டும். பொட்டாசியம் குளோரைடு 10 மில்லி ஆம்பூலில் 20 மில்லிஈக்விவலண்ட் (உப்பின் அளவைச் சொல்லும் அலகு) இருக்கிறது. சாதாரண வார்டில் மணிக்கு 10 மில்லிஈக்விவலண்டுக்கு மேல் ஏற்றக்கூடாது. பாட்டிலில் கலக்காமல் நேராக ரத்தக்குழாயில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். பார்க்கத் தண்ணீர் ஆம்பூல் போலவே இருப்பதால் இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதே தவறு. மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை போட வேண்டிய மீத்தோட்ரெக்ஸேட் மாத்திரையைத் தினமும் என்று சீட்டில் எழுதிவிட்டால், எலும்பு மஜ்ஜை படுத்து, வாயெல்லாம் புண்ணாகி உயிர் போகும்.

நீதிமன்றம் வரை போன இரண்டைச் சொல்கிறேன். டைபாய்டுக்குச் சேர்த்த ஒரு குழந்தைக்கு நர்ஸ் குளோரோகுயின் ஊசியை ரத்தக்குழாயில் போட, இதயம் நின்று மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. 1998இல் உச்ச நீதிமன்றம் குழந்தைக்கும் பெற்றோருக்கும் சேர்த்து 17.5 லட்சம் கொடுக்கச் சொன்னது. நர்ஸின் தவறுக்கு மருத்துவமனையே பொறுப்பு என்றது. மற்றொன்று தோல் உரியும் கொடிய ஒவ்வாமைக்குக் கொல்கத்தாவில் சிகிச்சை பெற்ற ஒரு பெண் 1998இல் மும்பையில் இறந்தது. உடம்பில் பல நாள் தங்கி வேலை செய்யும் டெப்போமெட்ரால் என்ற ஸ்டீராய்டைக் கொல்கத்தாவில் 80 மில்லிகிராம் வீதம் நாளைக்கு இரண்டு முறை எழுதியிருந்தார்கள். 2013இல் தீர்ப்பான இழப்பீடு வட்டி நீங்கலாகவே சுமார் 5.96 கோடி.

ரத்தம் ஏற்றும்போது பை எண்ணையும் நோயாளி பெயரையும் இரண்டு பேர் கட்டிலருகே நின்று ஒப்பிட வேண்டும். முதல் 15 நிமிடம் பக்கத்திலேயே நிற்க வேண்டும். பொருந்தாத ரத்தம் என்றால் பெரும்பாலும் அந்தக் கால் மணியிலேயே நடுக்கமும் இடுப்பு வலியும் வந்துவிடும். ரத்த வங்கியின் தவறு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2018 டிசம்பர் சாத்தூர்ச் சம்பவம் போதும். 2016 முகாமிலேயே எச்ஐவி இருப்பது தெரிந்த கொடையாளிக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. அவர் மறுபடி கொடுத்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏறியது.

ஆபரேஷனில் துணி, கருவி உள்ளே விட்டுவிடுவது எண்ணிக்கையில் குறைவு, நிரூபிக்க எளிது. வெட்டுவதற்கு முன், வயிற்றை மூடுவதற்கு முன், தோலைத் தைப்பதற்கு முன் என எண்ண வேண்டும். கணக்கு உதைத்தால் தியேட்டரிலேயே எக்ஸ்ரே. 1963இல் அவுரங்காபாத் அரசு மருத்துவமனையில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனின்போது வயிற்றில் துண்டை விட்டுத் தைத்து ஒரு தாய் இறந்தார். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 1996இல். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட 19 வரிச் சரிபார்ப்புப் பட்டியல் இப்படிப்பட்டவற்றைத் தடுக்கத்தான். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8ஆகக் குறைந்தது. அந்தத் தாள் கேஸ் ஷீட்டில் இருக்கிறதா, மூன்று கட்டத்திலும் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். மயக்க மருந்தைப் பொறுத்தவரை, ஒரே மயக்கவியல் டாக்டர் பெயர் ஒரே நேரத்தில் இரண்டு தியேட்டர் பதிவேட்டில் இருக்கிறதா என்பது நல்ல கேள்வி.

பிரசவத்தில் தாயைக் கொல்வது பெரும்பாலும் ரத்தப்போக்கு. கண்ணால் பார்த்துச் சொல்லும் அளவு எப்போதுமே குறைவாகத்தான் இருக்கும். துணியை எடை போட வேண்டும். முதல் இரண்டு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாடி, அழுத்தம், கருப்பை இறுக்கம் பார்க்க வேண்டும். நாடித்துடிப்பு எண் ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணைத் தாண்டிவிட்டால் உடம்பு ஏற்கனவே தோற்றுக்கொண்டிருக்கிறது. குறைமாதக் குழந்தை என்றால் கண்ணைப் பாருங்கள் என்று யாராவது சொன்னார்களா என்பது முக்கியம். 1996இல் எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29ஆம் வாரத்தில் 1,250 கிராம் எடையில் பிறந்த குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை செய்யாமலும், செய்ய வேண்டும் என்று பெற்றோருக்குச் சொல்லாமலும் அனுப்பினார்கள். பார்வை போயிற்று. 2015இல் உச்ச நீதிமன்றம் மொத்தம் சுமார் 1.8 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது. அங்கே தவறான ஊசியோ கத்தியோ எதுவும் இல்லை. சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியம்தான்.

நோயாளியின் ஒப்புதல் விஷயத்தில் உச்ச நீதிமன்றத்தின் 2008 தீர்ப்பு தெளிவு. பரிசோதனைக்கான லேப்ராஸ்கோப்பிக்குக் கையெழுத்திட்ட பெண் மயக்கத்தில் இருக்கும்போது, வெளியே இருந்த அம்மாவிடம் கேட்டுக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்தது செல்லாது என்றது. வயது வந்த, சுயநினைவு திரும்பக்கூடிய நோயாளிக்கு உயிராபத்து இல்லாதபோது வேறு யார் கையெழுத்தும் போதாது. அவசர சிகிச்சையில் போலீஸ் வரட்டும், முன்பணம் கட்டட்டும் என்று திருப்பி அனுப்புவது தவறு. 1989 முதலே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவருகிறது.

இனி காகிதங்கள். சந்தேகம் இருந்தால் தகனத்துக்கு முன் போலீஸில் எழுதிக் கொடுத்துப் பிரேதப் பரிசோதனை செய்யுங்கள். பித்தக் கசிவு போன்றவற்றை அதைவிட உறுதியாகக் காட்டுவது எதுவும் இல்லை. பரிசோதனை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு வழக்குப் போட்டவர்கள் நான்காவது படியில் வழுக்கி விழுகிறார்கள். மருத்துவப் பதிவுகளை எழுத்தில் கேளுங்கள், தேதி முத்திரையோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். 2002 மருத்துவ நெறிமுறை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள், அது போதாது. நர்ஸ் குறிப்பு, சார்ட்டுகள், மருந்து கொடுத்த நேரப் பதிவு, ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துத் தாள், ஒப்புதல் படிவம், ஸ்கேன் சிடி எல்லாம் பெயர் சொல்லிக் கேளுங்கள். அரசு மருத்துவமனையில் தகவல் உரிமைச் சட்டமும் உதவும். சிசிடிவி பதிவு சில வாரங்களில் அழிந்து மேலெழுதப்படும் என்பதால் அதைப் பாதுகாக்கச் சொல்லி முதல் நாளே கடிதம் கொடுங்கள். பார்மசி பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். இரவு 10க்கு ஆன்டிபயாடிக் கொடுத்ததாகச் சார்ட் சொல்லும். பில்லில் வாங்கிய நேரம் மறுநாள் காலை 8 என்று இருக்கும்.

புகாருக்கு மூன்று வாசல். இழப்பீட்டுக்கு நுகர்வோர் ஆணையம்: இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். எந்த ஆணையம் என்பது நீங்கள் கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்ததில்லை, மருத்துவமனைக்குக் கட்டிய பணத்தைப் பொறுத்தது. 50 லட்சம் வரை மாவட்டம், 2 கோடி வரை மாநிலம். கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமே இல்லை. எல்லாருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை இதில் வராது. அதற்கு சிவில் வழக்கு, அல்லது உயர் நீதிமன்ற ரிட். டாக்டரின் உரிமம் மீது நடவடிக்கைக்குத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். அங்கே பணம் கிடைக்காது. குற்ற வழக்கு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவில்: டாக்டருக்கு இரண்டு வருடம் வரை சிறையும் அபராதமும். ஆனால் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பின்படி, அப்பட்டமான, கொடிய அலட்சியம் என்று சார்பற்ற இன்னொரு டாக்டர், முடிந்தால் அரசு டாக்டர், சொல்ல வேண்டும். என் கருத்தில் பெரும்பாலான குடும்பங்கள் முதலில் ஓடும் இந்த வாசல்தான் மிகக் குறுகியது. மருத்துவமனைக் கண்ணாடியை உடைப்பதோ இன்னும் மோசம். அது பிணையில் வெளிவர முடியாத குற்றம், உங்கள் வழக்கையும் திசை திருப்பிவிடும்.

உங்கள் விஷயத்தில் செய்ய வேண்டியது இது. மூன்று நாளையும் மணிவாரியாக ஒரு தாளில் கோடு போட்டு, நாடி, மூச்சு, சிறுநீர், வலி, கொடுத்த மருந்து, யாருக்கு போன் செய்தார்கள் என்று ஆறு பத்தியில் நிரப்புங்கள். அதை வேறு ஊரில் உள்ள, அந்த மருத்துவமனையோடு தொடர்பில்லாத ஒரு வயிற்று அறுவை நிபுணரிடம் கொண்டுபோங்கள். "இது தப்பா டாக்டர்?" என்று கேட்டால் சக டாக்டரைக் காட்டிக்கொடுக்கத் தயங்குவார். "நீங்களாக இருந்தால் எத்தனை மணிக்கு ஸ்கேன் எழுதியிருப்பீர்கள்?" என்று கேளுங்கள். அவர் விரல் வைக்கும் மணிக்கும், மருத்துவமனை உண்மையில் ஸ்கேன் எடுத்த மணிக்கும் (அல்லது எடுக்காமலே விட்டதற்கும்) நடுவே உள்ள இடைவெளியைப் புகாரின் முதல் பத்தியில் எழுதுங்கள்.